வட்டவிதானையும் பொறியியலாளரும்

கல்லோயா நீரில் விளையும் அக்கரைப்பற்று வயல்களில், வாய்க்காலைக் காக்கும் வட்டவிதானை வயற்காரர் கூடித் தெரிந்தவர். அவரது தகுதியை ஊரே அறியும். நீர்ப்பாசனத் திணைக்களத்தின் சிரேஷ்ட பொறியியலாளரோ கொழும்பு நேர்முகப் பரீட்சையில் தெரிவானவர்.

1946 ஆம் ஆண்டின் சோல்பரி யாப்பு அரச நியமனங்களைப் பொதுச்சேவை ஆணைக்குழுவிடம் ஒப்படைத்தது. அமைச்சரின் கை அங்கு எட்டலாகாதென்பதே அதன் நோக்கமாகும். 1956 ஆம் ஆண்டின் தனிச்சிங்களச் சட்டத்தின் பின்னர், தமிழ் பேசும் உத்தியோகத்தரிடம் தொழிற்றிறனோடு சிங்களத் தேர்ச்சியும் வேண்டப்பட்டது. கன்னக் கூட்டத்தில் எம் உழவர்க்குத் தமிழில் விடையிறுக்க வல்லவரா என்பதும் பரீட்சை வினாவாதல் முறையன்றோ?

1972 ஆம் ஆண்டின் குடியரசு யாப்பு நியமன அதிகாரத்தை அமைச்சரவைக்கே மாற்றிற்று. சுதந்திர ஆணைக்குழுவை மீண்டும் காண நாடு 2001 ஆம் ஆண்டின் 17 ஆவது திருத்தம் வரை காத்திருந்தது.