அப்பாவின் தொடை, மகனின் இதயம்

குழந்தைகளுக்கான இதய அறுவைச் சிகிச்சையின் வரலாறு என்று எதைத் திறந்தாலும் மருத்துவர்களின் பெயர்கள்தாம் வரிசையாக வரும். 1938இல் பாஸ்டனில் ராபர்ட் கிராஸ். 1944இல் பால்டிமோரில் ஆல்ஃப்ரெட் பிளேலாக், அவர் முதுகுக்குப் பின்னால் முக்காலிமேல் நின்று வழிகாட்டிய விவியன் தாமஸ், யோசனையைக் கொடுத்த ஹெலன் டாசிக். 1954இல் மினியாபொலிஸில் வால்டன் லில்லஹை. பெரிய ஆட்கள்தாம், சந்தேகமில்லை. ஆனால் நான் அந்த வரலாற்றில் தேடியது வேறு ஆளை. பாரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு அறைக்கு வெளியே உட்கார்ந்திருக்கிற ஆளை. தேடிப் போனதில், அப்படி ஒருவர் வெளியே உட்காரவே இல்லை, உள்ளே இன்னொரு மேசையில் படுத்திருந்தார் என்று தெரிந்தது.

தேட வைத்தது ஓர் அட்டை. என் மகளுக்கு மூன்றரை வயதில் இதயத்தை ஒட்டிய சின்னக் குழாய் ஒன்றை அடைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது அடையாள அட்டை மாதிரி ஒன்றைக் கொடுத்து, பத்திரமா வைங்க, எங்க காட்டச் சொன்னாலும் காட்டுங்க என்றார்கள். அதில் அடைப்பானின் பெயர், அளவு, வரிசை எண், கடைசியில் நிறுவனத்தின் முகவரி: பிளிமத், மினசோட்டா. நாங்கள் இருப்பது ஆயர் ஈத்தாமில். வீட்டு ஜன்னலைத் திறந்தால் கெக் லோக் சி கோயில் தெரியும். அந்த மலையடிவாரத்துக்கும் மினசோட்டாவுக்கும் என்ன சம்பந்தம் என்று பார்க்கப் போய்த்தான் இத்தனையும் வந்தது.

முதலில் அந்தக் குழாயைப் பற்றி. கருவில் இருக்கும் பிள்ளையின் நுரையீரல் மூச்சுக்குப் பயன்படாது. அதற்கும் சேர்த்து அம்மாதான் மூச்சு விடுகிறாள். அதனால் நுரையீரலுக்குப் போகவேண்டிய ரத்தத்தில் பெரும்பகுதி அங்கே போகாமலே ஒரு குறுக்குக் குழாய் வழியாகப் பெருந்தமனிக்குத் தாவிவிடும். பிறந்து மூச்சு இழுக்க ஆரம்பித்த சில நாட்களில் அது சுருங்கி மூடிக்கொள்ள வேண்டும். சில பிள்ளைகளுக்கு மூடாது. பி.டி.ஏ. என்கிறார்கள். ரத்தம் அப்போது எதிர்த்திசையில், பெருந்தமனியிலிருந்து நுரையீரலுக்கு ஒழுகும். காதில் குழாயை வைத்துக் கேட்டால் தூரத்தில் ஓர் இயந்திரம் ஓடுவது மாதிரிச் சத்தம் வரும். பிள்ளைக்கு எடை ஏறாது, சளி விடாது, இதயம் மெல்லப் பெருத்துக்கொண்டே போகும். எங்களுக்கு இதை விளக்கிவிட்டு, தொடையில் உள்ள ரத்தக்குழாய் வழியாக உள்ளே போவோம் என்று டாக்டர் சொன்னபோது என் அம்மா கேட்டார்: "கொழாய் நெஞ்சுல இருக்கு. தொடையில ஏன்டா ஓட்ட போடுறாங்க?"

நியாயமான கேள்வி. அந்தத் தொடைக்கு வந்துசேர உலகத்துக்குச் சில பத்தாண்டுகள் பிடித்தன.

கிராஸ் 1938 ஆகஸ்ட் 26 அன்று ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியின் மார்பைத் திறந்து இந்தக் குழாயைப் பட்டு நூலால் கட்டினார். அவருடைய தலைவர் வில்லியம் லாட் இதற்கு ஒப்பவில்லை. லாட் ஊரில் இல்லாத நேரம் பார்த்துத்தான் செய்தார். குழந்தை பிழைத்தாள், நீண்ட காலம் வாழ்ந்தாள். பிளேலாக் செய்ததும் இதயத்துக்கு வெளியே, ரத்தக்குழாய்களில் செய்த வேலைதான். இதயத்துக்குள்ளே இருக்கும் ஓட்டையை யாரும் தொட முடியவில்லை. உள்ளே போகவேண்டுமானால் அதை ரத்தமில்லாமல் ஆக்க வேண்டும். ரத்தம் நின்றால் சில நிமிடத்தில் மூளை செத்துவிடும். ஃபிலடெல்ஃபியாவில் ஜான் கிப்பன் இதற்காகவே இருபது வருடத்துக்குமேல் ஓர் இயந்திரத்தோடு போராடினார். 1953 மே மாதம் பதினெட்டு வயதுப் பெண் ஒருத்திக்கு அது கைகொடுத்தது. அடுத்து வந்த குழந்தைகள் இறந்துபோக, மனம் ஒடிந்து அவர் நிறுத்திக்கொண்டார்.

மினசோட்டா பல்கலைக்கழகத்தில் லில்லஹையின் குழுவில் இருந்த மார்லி கோஹனும் ஹெர்பர்ட் வார்டனும் வேறு திசையில் யோசித்தார்கள். கருவில் பிள்ளைக்கு இதயமும் நுரையீரலும் யார்? அம்மா. அப்படியானால் அறுவை நடக்கும் கொஞ்ச நேரத்துக்கு மறுபடியும் ஒரு பெரிய உடம்போடு பிள்ளையை இணைத்தால் என்ன? இயந்திரம் எதற்கு? நாய்களில் செய்து பார்த்தார்கள், முடிந்தது. குறுக்குச் சுற்றோட்டம் என்று அதற்குப் பெயர். தேவைப்பட்டது ஒரு மோட்டார் பம்ப், கொஞ்சம் பிளாஸ்டிக் குழாய், ரத்த வகை பொருந்துகிற ஒரு மனிதர். பம்ப் பால் தொழிலில் ஓடிக்கொண்டிருந்த ரகம்.

1954 மார்ச் 26. பதின்மூன்று மாதக் குழந்தை கிரெகரி கிளிடன் ஒரு மேசையில். இதயத்தின் கீழறைகளுக்கு நடுவே ஓட்டை. சில அடி தள்ளி இன்னொரு மேசையில் அப்பா லைமன் கிளிடன், மயக்கத்தில். வடக்கே ஹிப்பிங் பக்கத்துச் சுரங்கத் தொழிலாளி. (பாப் டிலன் வளர்ந்த ஊர்.) அவருடைய தொடை இடுக்கில் தமனியிலும் சிரையிலும் குழாய் சொருகியிருந்தார்கள். மகனின் கெட்ட ரத்தம் அப்பாவின் உடம்புக்குள் போய், அவருடைய நுரையீரலில் சுத்தமாகி, பம்ப் வழியாக மகனுக்குத் திரும்பியது. பத்தொன்பது நிமிடம். அந்த நேரத்துக்குள் லில்லஹை குழந்தையின் இதயத்தைத் திறந்து, ஓட்டையைத் தைத்து, மூடினார்.

அந்தப் பத்தொன்பது நிமிடத்தில் நான் நெடுநேரம் நின்றுவிட்டேன். அம்மா ஃபிரான்சஸ் எங்கே இருந்தார், கையில் என்ன வைத்திருந்தார் என்றெல்லாம் யோசித்தேன். அந்தக் குடும்பம் ஏற்கெனவே ஒரு மகளை இதயக் கோளாறில் பறிகொடுத்தது. இந்த முறை கதவுக்கு அந்தப் பக்கம் புருஷனும் பிள்ளையும் சேர்ந்தே இருக்கிறார்கள். மருத்துவர்களிடையே அப்போது ஒரு கசப்பான கணக்கு ஓடியது: நூற்றுக்கு இருநூறு பேர் சாகக்கூடிய அறுவை உலகத்திலேயே இது ஒன்றுதான். ஒரு நோயாளிக்கு இரண்டு பிணம். மருத்துவமனைக்குள்ளேயே எதிர்ப்பு இருந்தது. அறுவைத் துறைத் தலைவர் ஓவன் வாங்கன்ஸ்டீன் துணைநின்றதால் நடந்தது. இன்று இருப்பதுபோல, சோதனை முறைகளைக் கூடிப் பேசி அனுமதிக்கிற நெறிமுறைக் குழு அன்று கிடையாது. தகப்பன் சரி என்றார், அவ்வளவுதான்.

லைமன் எழுந்தார். கிரெகரியும் கண் விழித்தான். பதினோராவது நாள் நிமோனியாவில் இறந்துபோனான். உடலைத் திறந்து பார்த்தபோது தையல் விடவில்லை, ஓட்டை மூடியே இருந்தது.

இந்தக் கடைசித் தகவலை மருத்துவ நூல்கள் ஒரு வெற்றியாக எழுதுகின்றன. ஒரு விதத்தில் வெற்றிதான். ஏப்ரல் மாதமே அடுத்த குழந்தைகளுக்குச் செய்தார்கள், அவர்கள் வீட்டுக்குப் போனார்கள். ஆனால் "தையல் நன்றாக இருந்தது" என்று பெற்றவரிடம் எந்தக் குரலில் சொல்லியிருப்பார்கள் என்று எந்த நூலிலும் நான் பார்க்கவில்லை.

1955 ஜூலை வரை இந்த முறையில் 45 பேருக்கு அறுவை நடந்தது. 28 பேர் பிழைத்து வீடு திரும்பினார்கள். மேசையில் படுத்த பெரியவர்களில் பெரும்பாலோர் பெற்றோர். 1954 ஆகஸ்டில் ஒரு பையனுக்கு வீட்டில் யாருடைய ரத்தமும் பொருந்தவில்லை. அதே அரிய வகை ரத்தம் உள்ள சாலைப் பணியாளர் ஒருவரைத் தேடிப் பிடித்துக் கேட்டார்கள். முன்பின் தெரியாத பிள்ளைக்காக அவர் வந்து படுத்தார். வாங்க முடியாத கடன் என்று ஊரில் சொல்வோமே, அந்த மாதிரி.

ரத்தம் கொடுத்தவர்களில் யாரும் இறக்கவில்லை. ஆனால் ஒரு தாய்க்கு நரம்பு வழியே காற்று ஏறி, மூளை நிரந்தரமாகப் பாதிக்கப்பட்டது. இதைச் சொல்லாமல் இந்த முறையைத் தியாகக் கதையாகச் சொல்கிறவர்கள் உண்டு. நம் ஆட்களுக்கு அதில் தனி ருசி: பெற்றவள் உயிரைக் கொடுத்தாள் என்றால் உடனே கண் கலங்கிவிடும். எனக்கு அந்தத் தாயை அப்படி வணங்கிவிட்டு நகர முடியவில்லை. 1955இல் ரிச்சர்ட் டீவால் லில்லஹையோடு சேர்ந்து குமிழி முறையில் ரத்தத்துக்கு ஆக்சிஜன் ஏற்றும் எளிய கருவியைச் செய்தார். பக்கத்து ராச்செஸ்டரில் ஜான் கர்க்ளின் கிப்பனின் இயந்திரத்தைச் செம்மைப்படுத்தினார். பெற்றோர் மேசையிலிருந்து இறங்கினார்கள். இறங்க வேண்டியதுதான்.

ஆனால் இறங்கியவர்கள் எங்கே போனார்கள்? கதவுக்கு வெளியே. அந்தக் காலத்து ஆங்கிலேய மருத்துவமனைகளில் வெளியே என்றால் முழுக்கவே வெளியே. வாரத்தில் ஒருநாள், ஒன்றிரண்டு மணி நேரம் பிள்ளையைப் பார்க்கலாம்; சில இடங்களில் அதுவும் இல்லை. பெற்றவரைப் பார்த்தால் பிள்ளை அழும், ஆகவே பார்க்காமல் இருப்பதே நல்லது என்பது கோட்பாடு. 1952இல் ஜேம்ஸ் ராபர்ட்சன், சின்ன அறுவைக்காக எட்டு நாள் மருத்துவமனையில் தனியே இருந்த இரண்டு வயதுச் சிறுமியைப் படம் எடுத்துக் காட்டினார். அழாத பிள்ளை தேறிவிட்ட பிள்ளை இல்லை, நம்பிக்கை விட்டுப்போன பிள்ளை என்று அதைப் பார்த்த சிலருக்காவது உறைத்தது. 1959இல் பிளாட் குழுவின் அறிக்கை, பெற்றோரை எந்நேரமும் உள்ளே விடுங்கள் என்றது. அறிக்கை வந்ததும் வார்டுக் கதவு திறந்துவிடவில்லை. என் அம்மா ஐந்து வயதில் ஓர் ஆஸ்பத்திரியில் பத்து நாள் கிடந்தவர். பாட்டி ஜன்னலுக்கு வெளியே நின்று கையை மட்டும் காட்டிவிட்டுப் போவாராம். அறுபது வருடம் கழித்தும் அம்மாவுக்கு என்ன நோய் என்று நினைவில்லை, அந்தக் கை நினைவிருக்கிறது.

வெளியே நிற்பவருக்கு உள்ளே நடப்பதைச் சொல்லாமலும் இருக்கலாம். 1985இல் வாஷிங்டனில் ஜில் லாசன் என்ற தாய்க்கு நடந்தது அதுதான். குறைமாதத்தில் பிறந்த மகன் ஜெஃப்ரிக்கு இதே பி.டி.ஏ. குழாயைக் கட்ட அறுவை செய்தார்கள். சில வாரங்களில் குழந்தை இறந்தது. அறுவையின்போது மகனுக்கு வலிமருந்து எதுவும் கொடுக்கவில்லை, அசையாமல் இருக்கத் தசைகளை முடக்கும் மருந்து மட்டுமே கொடுத்தார்கள் என்று பிறகுதான் அவருக்குத் தெரியவந்தது. அது ஒருவரின் கொடூரமல்ல. பச்சிளங்குழந்தைக்கு வலி சரியாகத் தெரியாது, மயக்க மருந்துதான் ஆபத்து என்று பலர் நம்பிய காலம். லாசன் விடவில்லை, கடிதமாக எழுதித் தள்ளினார், பத்திரிகையில் வரவைத்தார். அதே சமயத்தில் இந்தியாவிலிருந்து ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போயிருந்த மருத்துவர் ஆனந்த், இதே அறுவைக்கு உள்ளான குறைமாதக் குழந்தைகளை ஆராய்ந்து, வலிமருந்து பெற்றவர்கள் நன்றாகத் தேறினார்கள் என்று 1987இல் லான்செட் இதழில் காட்டினார். அந்த வருடமே அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் நிலைப்பாட்டை மாற்றியது. ஆராய்ச்சி மட்டும் வந்திருந்தால் இவ்வளவு சீக்கிரம் மாறியிருக்குமா என்று எனக்குச் சந்தேகம்.

என் மகளுக்குச் செய்வதற்கு முந்தைய நாள் மயக்க மருந்து டாக்டர் வந்து கால் மணி நேரம் எங்களிடம் பேசினார். என்ன மருந்து, எப்போது தூங்குவாள், எழுந்ததும் எப்படி இருப்பாள், வலிக்கு என்ன கொடுப்போம். அவள் தூங்கும்வரை ஒருவர் கூட இருக்கலாம் என்றார். என் மனைவி பச்சை அங்கி போட்டுக்கொண்டு உள்ளே போனாள். எனக்குத் தாதி ஒரு நாற்காலியைக் காட்டி, "அண்ணே, இங்கயே இருங்க, முடிஞ்சதும் கூப்புடுறோம்" என்றார். மனைவி உள்ளே போகவும் டாக்டர் அந்தக் கால் மணி நேரம் பேசவும் ராபர்ட்சனும் லாசனும் தேவைப்பட்டிருக்கிறார்கள்.

இனி அந்த அட்டை. மார்பைத் திறக்காமலே குழாயை அடைக்கலாம் என்று 1967இல் காட்டியவர் கிழக்கு பெர்லினில் இருந்த வெர்னர் போர்ஸ்ட்மன். பிறகு சின்னக் குடைகள், சுருள்கள் என்று பலவும் வந்தன. மினசோட்டா பல்கலைக்கழகத்தில் கதிரியக்கத் துறையில் இருந்த ஆஸ்திரியர் குர்ட் ஆம்ப்ளாட்ஸ், நிக்கலும் டைட்டானியமும் கலந்த கம்பியில் வலைப்பின்னலாக ஓர் அடைப்பானைச் செய்தார். இழுத்தால் நூலாக நீண்டு மெல்லிய குழாய்க்குள் போகும்; வெளியே வந்ததும் பழைய உருவத்துக்குத் திரும்பும். 1990களின் பிற்பாதியில் பிள்ளைகளுக்குப் பயன்பாட்டுக்கு வந்தது. லைமன் கிளிடன் படுத்த அதே பல்கலைக்கழகம். வழியும் அதே தொடை. இப்போது பிள்ளையின் தொடை. ஒரு மணி நேரத்தில் என் மகளுக்கு முடிந்தது. அம்மாவின் கேள்விக்கு நான் சொன்ன பதில்: "ரோடு அங்கேருந்துதாம்மா போகுது."

அந்த நாற்காலி வரிசையில் எனக்குப் பக்கத்தில் கெடாவிலிருந்து வந்த மலாய்க்கார அக்கா ஒருவர். மூன்று வாரக் குழந்தை, உதடு நீலம். என் பிள்ளைக்கு என்ன என்று கேட்டார். ஒரு குழாய் மூடாமல் இருக்கிறது, அடைக்கிறார்கள் என்றேன். அவர் கொஞ்சம் யோசித்தார். தன் பிள்ளைக்கு அதே குழாய்தான், மூடாமல் இருக்க உள்ளே கம்பி வைக்கிறார்கள் என்றார். நுரையீரலுக்குப் போகும் வழி பிறவியிலேயே அடைபட்ட பிள்ளைகளுக்கு உயிர் அந்தக் குழாயில்தான் ஓடுகிறது. அதைத் திறந்தே நிறுத்தும் முறையை உலகத்தில் முன்னெடுத்தவர்களில் ஒருவர் நம் ஊர்க்காரர்: 1992இல் கோலாலம்பூரில் தொடங்கிய தேசிய இதயக் கழகத்தின் மஸெனி அல்வி. அவருடைய குழுவின் முடிவுகள் 2004இல் வெளியாகி, பல நாடுகளில் மேற்கோளாகின்றன. அந்தக் கம்பி நிரந்தரமல்ல. பெரிய அறுவைக்குப் பிள்ளை வளரும்வரை தாங்கினால் போதும்.