பெயர் மருண்ட கோப்புகள்

கனகராயன் ஆற்றை மறித்து 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நீர்ப்பாசனத் திணைக்களம் கட்டிய இரணைமடுக் குளம் கிளிநொச்சி உழவரின் வாழ்வோடு பிணைந்தது. அப்பெயரைக் கணினியில் ஒரு கோப்புக்குச் சூட்டினால் நேர்வது என்ன? தமிழ்க் குறியீடுகளின் வரலாறே அதில் அடங்கிக் கிடக்கிறது.

கணினிக்கு எழுத்துத் தெரியாது, எண்ணே தெரியும். எந்த எழுத்துக்கு எந்த எண் என்பதை மனிதர் கூடித் தீர்மானிக்க வேண்டும். இந்திய அரசின் இஸ்கி ஒழுங்கைத் தழுவி 1991இல் ஒருங்குறியில் தமிழ் இடம்பெற்றது. ஆயினும் சாதாரண மக்களின் கணினிகளுக்கு அது வந்துசேரப் பல ஆண்டுகள் சென்றன. அதுவரை தமிழர் கைகட்டி இருந்தனரா? இல்லை. ஈழத்து அச்சகங்களிலும் அலுவலகங்களிலும் பாமினி எழுத்துரு வேரூன்றியது. 1990களின் பிற்பகுதியில் பல நாட்டுத் தமிழர் இணையவழி விவாதித்துத் திஸ்கியை வகுத்தனர். சென்னையின் 1999ஆம் ஆண்டு மாநாட்டை ஒட்டி டாம், டாப் என இரண்டு பிறந்தன.

பாமினி ரோம எழுத்துகளின் இடத்திலேயே தமிழ் வடிவங்களைப் பொருத்தியது. அம்முறையில் எழுதிய 'இரணைமடு' இன்று காற்புள்ளியில் தொடங்கும் பொருளற்ற ரோம எழுத்துக் கோவையாகத் தோன்றும். கோப்பைத் திறக்கவோ அழிக்கவோ அதனால் இடையூறில்லை. திஸ்கியின் நிலை வேறு. அதில் இப்பெயருக்கு ஆறு எண்கள். 'ணை'யின் கொம்பு, கையால் எழுதுவதுபோலவே, மெய்க்கு முன்னே நிற்கும். ஒருங்குறியிலோ ஏழு எண்கள். யூடிஎப்-8 முறையில் அவை 21 பைட்டுகளாகும். யூடிஎப்-8ஐ எதிர்பார்க்கும் லினக்ஸ் கணினி பழைய திஸ்கிப் பெயரைக் கண்டதும், செல்லாத குறியீடு என்று தள்ளிக் கேள்விக்குறிகளைக் காட்டுகிறது. பெயரிட்ட நாளில் முற்றும் செல்லுபடியாயிருந்த பெயர் அது என்பதைக் கணினி எவ்வாறு அறியும்!

திரையில் கண்ட கேள்விக்குறிகளையே தட்டி அழிக்க முனைவோர் உளர். கட்டளை மொழியில் கேள்விக்குறிக்கு 'ஏதேனும் ஓர் எழுத்து' என்று பொருள். ஆறு கேள்விக்குறி இட்டால் ஆறெழுத்துப் பெயருடைய பிற கோப்புகளும் சேர்ந்தே மாண்டுபோகும்.

2008இன் பிற்பகுதியிலும் 2009இலும் வன்னி மக்கள் மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்தனர். வீட்டையே சுமக்க இயலாதவர் பதிவேடுகளை எங்ஙனம் சுமப்பர்? அத்தகைய மண்ணில், பழைய வட்டொன்றில் எஞ்சிய கோப்பே ஒரு பள்ளியின் அல்லது ஒரு கமக்காரர் சங்கத்தின் ஒரே சாட்சியாக இருத்தல் கூடும். பெயர் வாசிக்க முடியவில்லை என்பதற்காக அதனைக் குப்பையென்று கழிப்பது, அடையாள அட்டை இல்லாதவனைக் குடிமகனல்லன் என்று தள்ளும் அலுவலகப் புத்தியின் இன்னொரு முகமே என்போம்.

வழி இல்லாமலில்லை. ஒவ்வொரு கோப்புக்கும் பெயரைச் சாராத உள்ளெண் ஒன்றை இயங்குதளம் வைத்திருக்கிறது, ஐநோட் என்பர். அதனைப் பட்டியலில் கண்டு, அவ்வெண்ணாலேயே கோப்பைத் தேடிப் பிடித்து முதலில் ஒரு படி எடுக்கலாம், புதுப்பெயர் சூட்டலாம், உண்மையிலேயே வேண்டாததாயின் அழிக்கலாம். பெயரை மாற்றிய பின்னும் உள்ளிருக்கும் வாசகம் திஸ்கியிலேயே இருக்கும். அதனை ஒருங்குறிக்குப் பெயர்ப்பது தனி வேலை.