அல்ட்டாவிலிருந்து ஃபோசன் வரை: பச்சை மின்சாரமும் பிறர் நிலமும்

சூழல் பாதுகாப்பு என்ற சொல்லை இன்று அரசுகளும் கொம்பனிகளும்கூட விரும்பிச் சொல்கின்றன. ஆனால் அதன் பெயரால் யாருடைய நிலம் கைமாறுகிறது என்ற கேள்வியை எழுப்புவோர் குறைவு. நான் வாழும் நோர்வேயில் இக்கேள்விக்கு நீண்டதொரு வரலாறு உண்டு. அதை எழுப்பியவர்கள் வடக்கின் ஆதிக்குடிகளான சாமி மக்கள். சிறுபான்மையினராகப் பிறந்து இன்னொரு நாட்டில் மீண்டும் சிறுபான்மையினராக வாழும் எமக்கு இவ்வரலாறு அந்நியமானதல்ல.

நோர்வேயின் மின்சாரத்தில் மிகப் பெரும்பங்கு நீரிலிருந்து வருகிறது. புகையில்லாத மின்சாரம்தான். ஆனால் அணை கட்ட ஆறு வேண்டும், ஆற்றங்கரையில் மனிதர் இருப்பார்கள். அல்ட்டா ஆற்றுக்கென முதலில் வரையப்பட்ட திட்டத்தின்படி மாசே என்ற சாமிக் கிராமம் நீரில் மூழ்கவிருந்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் கிராமம் தப்பியது, திட்டம் சுருங்கியது. சுருங்கிய திட்டத்தைப் பாராளுமன்றம் 1978இல் ஏற்றது. பனிமான் மேய்ப்போரின் வழித்தடங்களும் மேய்ச்சல் நிலமும் அப்போதும் ஆபத்திலேயே இருந்தன.

1979இல் மக்கள் ஸ்தில்லா என்னுமிடத்தில் பாதையை மறித்தார்கள். அதே ஆண்டு சாமி இளைஞர்கள் ஒஸ்லோவில் பாராளுமன்றத்தின் முன் கூடாரமடித்து உண்ணாவிரதமிருந்தார்கள். 1981 ஜனவரியில், உறையவைக்கும் குளிரில், சங்கிலியால் தம்மைப் பிணைத்துக்கொண்டிருந்தவர்களை அகற்ற சுமார் 600 பொலிஸார் அனுப்பப்பட்டனர். அடுத்த மாதம் சாமிப் பெண்கள் பிரதமர் அலுவலகத்துள் அமர்ந்து வெளியேற மறுத்தார்கள். அப்போது பிரதமர் குரூ ஹார்லம் புருண்ட்லாண்ட். 'நிலைத்த அபிவிருத்தி' என்ற சொல்லை உலகெங்கும் பரப்பிய 1987ஆம் ஆண்டின் ஐ.நா. ஆணைக்குழு அறிக்கை அவர் தலைமையிலேயே வெளிவந்தது. இவ்விரண்டையும் நாம் சேர்த்தே வாசிக்கவேண்டும்.

1982இல் உச்ச நீதிமன்றம் அரசின் பக்கம் தீர்ப்பளித்தது. பாதிப்பு உரிமை மீறலாகும் அளவுக்குப் பாரதூரமானதல்ல என்பது அதன் நிலைப்பாடு. 1987இல் மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. போராட்டம் தோற்றது என்று இங்கே கதையை முடித்துவிடலாம். ஆனால் அதே 1987இல் சாமிச் சட்டம் வந்தது. 1988இல் சாமி மக்களின் மொழி, பண்பாடு, சமூக வாழ்வு ஆகியவற்றுக்கான அரசின் பொறுப்பு அரசியலமைப்பில் எழுதப்பட்டது. 1989இல் சாமிப் பாராளுமன்றம் கூடியது. 1990இல், ஆதிக்குடிகள் பற்றிய சர்வதேசத் தொழில் அமைப்பின் 169ஆம் இலக்கச் சமவாயத்தை உலகில் முதலாவதாக நோர்வே ஏற்றது. 1999இல் குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேசச் சமவாயம் உள்நாட்டுச் சட்டமாகியது. மற்றச் சட்டங்களோடு முரண்பட்டால் அதுவே மேலோங்கும்.

இந்தக் கடைசி மாற்றத்தின் பெறுமதி ஃபோசனில் தெரிந்தது. ட்ரொண்ட்ஹைமுக்கு அருகேயுள்ள இக்குடாநாட்டில், தென்சாமி மேய்ப்பர்களின் குளிர்கால மேய்ச்சல் நிலத்தில், ஸ்டோர்ஹையா, ரூவான் என்ற இரு காற்றாலைத் தொகுதிகள் எழுந்தன. மொத்தம் 151 காற்றாடிகள். வழக்கு முடியுமுன்னரே கட்டுமானம் தொடங்கியது. நிறுத்திவைக்குமாறு 2018இல் ஐ.நா. இனப்பாகுபாட்டு ஒழிப்புக் குழு கேட்டும் அரசு நிறுத்தவில்லை. 2021 ஒக்டோபர் 11 அன்று உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகளும் ஒருமித்துத் தீர்ப்பளித்தனர்: சமவாயத்தின் 27ஆம் உறுப்புரை மீறப்பட்டுள்ளது, அனுமதிகள் செல்லாதவை. காலநிலை மாற்றத்தை எதிர்கொள்வது முக்கியமென்பதை நீதிமன்றம் மறுக்கவில்லை. மேய்ப்பர்களை இந்தளவு பாதிக்காத வேறு வழிகள் இருந்தன என்பதையே சுட்டிக்காட்டியது.

தீர்ப்புக்குப் பின்னும் காற்றாடிகள் சுழன்றன. 500 நாட்களாகியும் எதுவும் நடக்காததால் 2023இல் சாமி இளைஞர்கள் எரிசக்தி அமைச்சை முற்றுகையிட்டார்கள். காலநிலைப் போராளி கிரேட்டா துன்பெர்க்கும் அவர்களோடு அமர்ந்தார். அரசு மன்னிப்புக் கேட்டது. 2023 டிசம்பரிலும் 2024 மார்ச்சிலும் மேய்ப்பர் குழுக்களுடன் உடன்பாடுகள் எட்டப்பட்டன. இழப்பீடு கிடைத்தது, காற்றாடிகள் அகலவில்லை.

இதிலிருந்து நான் பெறுவது இரண்டு முடிவுகள். முதலாவது, நல்ல சட்டம் இருந்தாலும் அது கட்டுமானத்துக்கு முன் பேசவேண்டும். இரும்பும் கொங்கிறீற்றும் மண்ணில் இறங்கியபின் நீதிமன்றம் தருவது பெரும்பாலும் பேரம்பேசும் பலத்தை மட்டுமே. இரண்டாவது, அந்தச் சட்டமும் அரசின் தயவால் வந்ததல்ல. 1982இல் தோற்றவர்களின் பிடிவாதமே 2021இன் தீர்ப்புக்கு வழி திறந்தது.

எமது நாட்டுக்கும் இதில் பாடமுண்டு. இலங்கை 1980இலேயே அதே சமவாயத்தை ஏற்றது. ஆனால் 2007இல் அதற்கெனக் கொண்டுவந்த சட்டத்தில், சிறுபான்மையினர் பற்றிய 27ஆம் உறுப்புரைக்கு இடமளிக்கவில்லை. 2025இல் மன்னார்த் தீவு மக்கள் காற்றாலைகளுக்கு எதிராக வீதிக்கு வந்தபோது, அவர்களை அபிவிருத்திக்கும் காலநிலைக்கும் எதிரிகள் என்பது இலகுவாக இருந்தது. ஃபோசன் மேய்ப்பர்கள் கேட்ட கேள்வியே மன்னாரிலும் எழுகிறது: காற்று எல்லோருக்கும் பொதுவென்றால், அதை அறுவடை செய்யும் இடத்தைத் தீர்மானிப்பது யார்? காற்றாலை நல்லதா கெட்டதா என்று பிரிந்து நிற்பதைவிட இதைப்பற்றி நாம் விவாதிப்பது பயனுள்ளது.