கித்தாரும் இடைச்செருகலும்

பழைய மின்கித்தாரின் வயதை வரிசை எண்ணால் மட்டும் கணித்தால் நாம் ஏமாறக்கூடும். லியோ ஃபெண்டரின் நிறுவனம் 1954இல் கலிபோர்னியாவில் வெளியிட்ட ஸ்ட்ராட்டோகாஸ்டரில் எண் பொறித்த தகடும் கழுத்தும் திருகாணிகளால் பொருத்தப்பட்டவை, எளிதில் மாற்றத்தக்கவை. ஆகவே உள்ளே நோக்குவோம்.

ஒலியளவுக் குமிழுக்கு அடியிலுள்ள மின்தடைமாற்றியில் 1376612 என்றிருப்பதாகக் கொள்வோம். 137 என்பது சி.டி.எஸ். நிறுவனம், 66 ஆண்டு, 12 வாரம். அவ்வுறுப்பு 1966இல் பிறந்தது. ஆனால் கித்தார் அதற்கும் பிற்பட்டதாகலாம். கழுத்தின் அடிப்புறத் தேதி அதனோடு இயைந்து, பற்றாசும் கலையாதிருப்பின் சான்று வலுப்பெறும்.

இயையாவிடின் அது இடைச்செருகல் கண்ட ஏடு. தேய்ந்த உறுப்பை மாற்றிய கலைஞர் குற்றவாளி அல்லர். அவர் இசைக்கருவியை வாழவைத்தவர். அம்மாற்றத்தை மறைத்து, மூலமென விலைகூறுவதே வரலாற்றுக்கு இழைக்கும் பொய்.