படிக்கும் நாடகமும் பார்க்கும் நாடகமும்: மனோன்மணீயத்தை முன்வைத்துச் சிங்கப்பூர்த் தமிழ் நாடகம் குறித்த சில சிந்தனைகள்

முன்னுரை

நாடகம் காண்பதற்குரியது, இலக்கியம் கற்பதற்குரியது என்னும் பாகுபாடு நம்மிடையே நெடுங்காலமாக வழங்கிவருகிறது. இயல், இசை, நாடகம் எனத் தமிழை மூன்றாக வகுத்தமையும் இவ்வெண்ணத்திற்குத் துணை செய்தது எனலாம். ஆயினும் இன்று நம் கையில் எஞ்சியுள்ள பழைய நாடகங்கள் கண்டவர்களால் காக்கப்பட்டவை அல்ல. எழுதியும் படித்தும் வந்தவர்களால் காக்கப்பட்டவையே. நாடகத்தைப் படிப்பது மேடைக்கு மாற்றாகக் கொள்ளப்படும் குறைபட்ட அனுபவம் அன்று, தனக்கே உரிய பயனுடைய ஒரு பயிற்சி என்பதையும், சிங்கப்பூர்த் தமிழ் நாடகத்திற்கு அப்பயிற்சி ஏன் இன்றியமையாதது என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். மனோன்மணீயம் இதற்குச் சான்று நூலாகக் கொள்ளப்படுகிறது.

ஏடும் மேடையும்

சிலப்பதிகாரத்திற்கு உரைகண்ட அடியார்க்குநல்லார், பரதம், அகத்தியம் முதலிய நாடகத் தமிழ் நூல்கள் இறந்துபட்டமையைக் குறிப்பிடுகிறார். முறுவல், சயந்தம், குணநூல், செயிற்றியம் என்பவற்றிலும் சில நூற்பாக்களே அவர் காலத்தில் எஞ்சியிருந்தன. ஆடிய கூத்தும் மறைந்தது. அதன் இலக்கணமும் மறைந்தது. நாடகக் காப்பியம் எனப் போற்றப்படும் சிலப்பதிகாரமோ ஏட்டில் வாழ்ந்து, 1892இல் உ.வே. சாமிநாதையரின் பதிப்பால் அச்சேறியது. அரங்கின் அமைப்பையும் ஆடல் முறையையும் பற்றி நாம் இன்று அறிவனவற்றுள் பெரும்பகுதி, அந்நூலின் அரங்கேற்று காதையையும் அதன் உரையையும் படித்து அறிந்ததேயாகும்.

பிற மொழியினர் வரலாறும் இதனையே காட்டுகிறது. சேக்சுபியர் 1616இல் மறைந்தார். அவருடைய நாடகங்கள் முப்பத்தாறு 1623இல் ஒரே தொகுதியாக அச்சிடப்பட்டன. அவற்றுள் ஏறத்தாழப் பாதி அதற்கு முன் அச்சேறாதவை. மெக்பெத் அவற்றுள் ஒன்று. மேடையில் பெற்ற புகழே போதும் என்று அவருடைய தோழர்கள் இருந்திருப்பின், அந்நாடகம் இன்று நமக்குக் கிடைத்திருக்குமா என்பது ஐயமே. சிங்கப்பூர் எழுத்தாளர் பி. கிருஷ்ணன் அதனைத் தமிழாக்கியதற்கும் அவ்வச்சுப் பணியே அடிப்படை.

படிப்பதற்கென எழுந்த நாடகம்

திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியராகப் பணியாற்றிய பெ. சுந்தரம் பிள்ளை (1855–1897) மனோன்மணீயத்தை 1891இல் வெளியிட்டார். லிட்டன் பிரபு ஆங்கிலத்தில் பாடிய கதையொன்றைத் தழுவி, ஐந்து அங்கங்களும் இருபது களங்களும் கொண்ட செய்யுள் நாடகமாக அதனை அமைத்தார். அதே 1891இல்தான் பம்மல் சம்பந்த முதலியார் சென்னையில் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்தார். ஒரே ஆண்டில் தமிழ் நாடகம் இரு வழிகளில் நடக்கத் தொடங்கியது: ஒன்று மேடையை நோக்கியது, மற்றொன்று வாசகரை நோக்கியது.

மனோன்மணீயத்தின் ஒவ்வொரு களத்தின் தலைப்பிலும் இடமும் காலமும் சுட்டப்படுகின்றன. அடுத்து வருவது இன்ன பா என்னும் குறிப்பும் உள்ளது. பாவின் பெயரை மேடையில் எவரும் அறிவிப்பதில்லை. அது கண்ணால் படிப்பவருக்காக இடப்பட்ட குறிப்பு. நடராசன் தனித்து நின்று புல்லையும் வாய்க்காலையும் நாங்கூழ்ப் புழுவையும் நோக்கிப் பேசும் பகுதி இதனினும் சிறந்த சான்றாகும். மேடையில் அப்புழு அவையினர் கண்ணுக்குப் புலப்படாது; நெடுநேரம் தனக்குத்தானே பேசும் ஒரு மனிதனையே அவர்கள் காண்பர். படிப்பவரோ நடராசனின் கண்வழியே அப்புழுவைக் காண்கிறார். மண்ணைப் பண்படுத்தும் அதன் ஓயாத உழைப்பை எண்ணிப் பார்க்கிறார். மண்புழுவின் பணி குறித்து டார்வின் தனி நூல் வெளியிட்டது 1881இல். அடுத்த பத்தாண்டுகளில் அப்பொருள் தமிழ்ச் செய்யுள் நாடகத்தில் இடம்பெற்றமை கருதத்தக்கது.

அமைச்சன் குடிலனின் சூழ்ச்சியையும் இவ்வாறே நோக்கலாம். அவன் பேச்சில் மயங்கும் மன்னன் சீவகனைப் போலவே அவையினரும் பேச்சின் வேகத்தில் ஈர்க்கப்படுவர். படிப்பவர் மட்டுமே நின்று, முன்பக்கத்திற்குத் திரும்பி, அவன் முதலில் சொன்னதையும் பின்னர்ச் சொன்னதையும் ஒப்பிட முடியும். சீவகன், குடிலன் என்னும் பெயர்களுக்குள் உயிரையும் வஞ்சத்தையும் கண்டு, நாடகம் முழுவதையும் தத்துவ உருவகமாகக் கொள்ளும் வாசிப்பும் மறுமுறை படிப்பதால் விளைவதே.

படிப்பில் இழப்பில்லை என்பதன்று. குரலின் ஏற்ற இறக்கம், இருவர் பேச்சிடையே நிலவும் மௌனம், அவையோர் ஒருங்கே மூச்சடக்கும் கணம் ஆகியவை அச்சில் வாரா. லியர் மன்னனை மேடையில் காட்டவே இயலாது என்று சார்லசு லாம் 1811இல் வாதிட்டார். அக்கருத்தை முழுமையாக ஏற்க வேண்டியதில்லை. ஒரே நாடகம் மேடையில் ஒன்றையும் ஏட்டில் வேறொன்றையும் தருகிறது என்பதே பொருந்தும்.

இதில் ஒரு முரண் உண்டு. மனோன்மணீயக் கதை 1942இல் மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரிப்பில் ‘மனோன்மணி’ என்னும் திரைப்படமாயிற்று. நூலின் தமிழ்த்தெய்வ வணக்கத்தின் ஒரு பகுதியைத் தமிழ்நாட்டரசு 1970இல் தமிழ்த்தாய் வாழ்த்தாக ஏற்றது; 2021இல் அது மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்டது. சிங்கப்பூரிலும் தமிழ் நிகழ்ச்சிகள் பலவற்றில் அவ்வாழ்த்து ஒலிக்கிறது. வாயிலில் நின்று வணங்குவோர் பலர். உள்ளே சென்று நாடகத்தைப் படிப்போர் சிலரே.

சிங்கப்பூரின் நிலை

சிங்கப்பூரில் தமிழ் நாடகத்திற்கு மேடை கிடைத்த அளவுக்கு அச்சு கிடைக்கவில்லை. செம்பவாங் கடற்படைத் தளத்துத் தொழிலாளரும், சீர்திருத்தச் சங்கத்தாரும், 1952இல் தொடங்கிய தமிழர் திருநாளை ஒட்டிய கலைக் குழுவினரும் மேடையேற்றிய நாடகங்கள் பல. அவற்றின் கைப்படிகளுள் நூலானவை மிகக் குறைவு. சிராங்கூன் சாலையை அடுத்த ஜாலான் புசாரில் 1923இல் திறக்கப்பட்ட நியூ வோர்ல்டு கேளிக்கைப் பூங்காவில் பல மொழிக் கலைகளும் அரங்கேறின. இன்று அவ்விடத்தில் வணிக வளாகம் நிற்கிறது. மேடை இடிந்தபின் நாடகம் வாழ வேறோர் இடம் வேண்டும்.

அவ்விடம் எதுவென்பதை இருவரின் படைப்புகள் உணர்த்துகின்றன. முதலாவது, பி. கிருஷ்ணனின் ‘அடுக்குவீட்டு அண்ணாசாமி’. அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்த தமிழரின் வாழ்வை நகைச்சுவையோடு காட்டிய இவ்வானொலி நாடகம் காற்றோடு கலந்து போகாமல் பின்னர் நூலாயிற்று. அந்நாளைய குடியிருப்பாளரின் பேச்சு வழக்கை ஆராய விரும்பும் மாணவருக்கு இன்று அதுவே சான்று. இரண்டாவது, இளங்கோவனின் ‘தலாக்’. 1998இல் தமிழில் மேடையேறிய இந்நாடகத்தை 2000இல் மலாயிலும் ஆங்கிலத்திலும் மேடையேற்ற உரிமம் மறுக்கப்பட்டது. எனினும் அது நூலாக வந்துள்ளது. அம்மறுப்பு சரியா தவறா என்று வழக்குரைப்பவர் எவராயினும் முதலில் செய்ய வேண்டியது அந்நாடகத்தைப் படிப்பதே. காண இயலாத நாடகத்தைப் பற்றிக் கேள்விப்பட்டதைக் கொண்டு முடிவு கட்டாமல் தடுப்பது ஏடு ஒன்றே.

நூலகத்தின் பங்கும் இங்குக் கருதத்தக்கது. சிங்கப்பூரில் வெளியிடப்படும் நூல்களின் படிகள் சட்டப்படி தேசிய நூலகத்தைச் சென்றடைகின்றன. ஒத்திகைக்கெனப் படியெடுத்த தாள்களுக்கு அப்பாதுகாப்பு இல்லை. நடிகர் வீட்டுப் பெட்டியே அவற்றின் நூலகம். சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்களை மின்வடிவாக்கும் முயற்சி 2015இல் நிறைவேறியது பாராட்டத்தக்கது. ஆயினும் நூலாகாததை மின்னூலாக்குவது எளிதன்று.

முடிவுரை

மேற்கண்டவற்றால் நாடகம் நிலைபெற ஏடும் மேடையும் இரண்டுமே தேவை என்பது பெறப்படும். மேடை அதற்கு உயிர் தருகிறது. ஏடு அதற்கு ஆயுள் தருகிறது. மூத்த கலைஞர்கள் தம்மிடமுள்ள கைப்படிகளை நூலகத்திடம் ஒப்படைத்தலும், நாடகக் குழுக்கள் ஒவ்வோர் அரங்கேற்றத்திற்குப் பின்னும் நாடகத்தைச் சிறு நூலாகவேனும் அச்சிடலும் உடனடித் தேவைகள். மாணவர்கள் நால்வர் ஐவராகக் கூடி, பாத்திரங்களைப் பகிர்ந்துகொண்டு ஒரு களத்தை வாய்விட்டுப் படிப்பதற்குத் திரையும் வேண்டா, விளக்கும் வேண்டா. குடிலனின் மொழியை ஒருவர் தம் நாவால் சொல்லிப் பார்க்கும்போது, அது கேட்பவரை எங்கே மயக்குகிறது என்பது அவருக்கே புலப்படும். அவ்வாறு படிக்கப்படாத நாடகம், நாளை எத்தனை அரங்குகள் எழுந்தாலும், மீண்டும் மேடையேற வழியின்றிப் போகும்.