உருட்டுச் சக்கரம்: சுட்டியின் முதுகில் ஏறிய கருவியின் வரலாறு

பேச்சு வழக்கில் மவுஸ் எனப்படும் கணினிச் சுட்டி பிறக்கும்போதே சக்கரங்களோடுதான் பிறந்தது. ஆனால் அவை அதன் வயிற்றுப் பக்கத்தில் இருந்தன. கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வு நிறுவனத்தில் டக்ளஸ் எங்கல்பார்ட்டின் கருத்துக்கு ஏற்ப 1964இல் பில் இங்கிலிஷ் செய்து கொடுத்த மரப்பெட்டியின் அடியில், ஒன்றுக்கொன்று செங்குத்தாகப் பொருத்திய இரண்டு உலோகச் சக்கரங்கள் மேசைமேல் உருண்டு, கை இடவலமாக நகர்ந்த தூரத்தை ஒன்றும், முன்பின்னாக நகர்ந்த தூரத்தை மற்றொன்றும் அளந்தன. 1970 நவம்பர் 17 அன்று இதற்குக் காப்புரிமை கிடைத்தபோது, வேறிடங்களில் சக்கரங்களின் இடத்தை உருளும் குண்டு பிடிக்கத் தொடங்கிவிட்டது. ஜெர்மனியின் டெலிஃபுங்கன் நிறுவனம் 1968லேயே குண்டு வைத்த சுட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்திருந்தது. ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகமும் 1970களில் அதே வழிக்கு வந்தது. மேற்புறத்தைப் பற்றி அடுத்த இருபது ஆண்டுகள் நடந்த வாதமெல்லாம் பொத்தான்களின் எண்ணிக்கையைச் சுற்றியே அமைந்தது. ஜெராக்ஸ் ஆல்டோவுக்கு மூன்று, 1981இல் வந்த ஜெராக்ஸ் ஸ்டாருக்கு இரண்டு, 1984இல் வந்த மெக்கின்டாஷுக்கு ஒன்று என்று ஒவ்வொரு நிறுவனமும் தன் தத்துவத்தைப் பொத்தானில் காட்டிக்கொண்டிருந்ததே தவிர, திரைக்குள் அடங்காத நீண்ட ஆவணத்தை நகர்த்துவதற்கென்று சுட்டியிலேயே தனி உறுப்பு வேண்டும் என்ற எண்ணம் சந்தைக்கு வந்த எந்தச் சுட்டியிலும் இடம்பெறவில்லை.

அந்த வேலையைத் திரையின் வலது ஓரத்தில் நின்ற உருட்டுப்பட்டை, அதாவது ஸ்க்ரோல் பார், செய்துவந்தது. பட்டையில் உள்ள கட்டையைச் சுட்டியால் பிடித்து இழுத்தால் ஆவணம் மேலும் கீழும் நகரும். இதில் இரண்டு குறைகள் உண்டு. படித்துக்கொண்டிருக்கும் வரியை விட்டுக் கண்ணும் கையும் ஓரத்துக்குப் போய்த் திரும்ப வேண்டியிருந்தது முதற்குறை. ஆவணம் நீள நீளப் பட்டையின் நுட்பம் குறைந்துகொண்டே போனது அதைவிடப் பெரிய குறை. 1990களின் முற்பகுதியில் வந்த எக்செல் கணக்கு அட்டவணையில் 16,384 வரிசைகள் இருந்தன. அவ்வளவும் நிரம்பிய அட்டவணையை 400 புள்ளி உயரமுள்ள பட்டையால் நகர்த்தினால், கை ஒரு புள்ளி அசைந்தாலே ஏறத்தாழ 41 வரிசைகள் தாண்டிவிடும். வேண்டிய வரிசையில் நிறுத்துவது திறமையைவிட அதிர்ஷ்டத்தையே சார்ந்திருந்தது.

ஆகவே சக்கரத்தின் கதை எக்செல் மென்பொருளைச் சுற்றித் தொடங்கியதில் வியப்பில்லை. மைக்ரோசாஃப்ட்டில் எக்செல் குழுவில் பணியாற்றிய எரிக் மிஷெல்மன், பெரிய அட்டவணைகளுக்குள் வழி தெரியாமல் பயனர்கள் படும் பாட்டை 1993இல் கவனித்தார். அவர் கண்ட தீர்வு உருட்டுவது அன்று. அட்டவணையைச் சுருக்கி முழுதையும் ஒரு பார்வையில் கண்டுகொண்டு, வேண்டிய மூலையில் மறுபடி பெரிதாக்குவது. விமான விளையாட்டுகளுக்குப் பயன்படும் ஜாய்ஸ்டிக் எனும் நெம்புகோலை இடக்கைக்குக் கொடுத்து, வலக்கையில் சுட்டியை வைத்துக்கொண்டு இதை அவர் சோதித்துப் பார்த்தார். இரண்டு கருவிகளை வாங்கி மேசைமேல் வைத்துக்கொள்ளப் பொதுப் பயனர்கள் முன்வரமாட்டார்கள் என்பது வெளிப்படை. பின்னர் நிறுவனத்தின் வன்பொருள் குழு சுட்டியிலேயே ஒரு சக்கரத்தைப் பொருத்தும் யோசனையோடு வந்தது. பெரிதாக்கிச் சுருக்கும் வசதி சில மென்பொருள்களிலேயே இருந்ததாலும், உருட்டும் தேவை எல்லாவற்றுக்கும் பொதுவானதாலும், சக்கரத்தின் முதன்மைப் பணி உருட்டுவது என்றும், கண்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு சுழற்றினால் பெரிதாக்குவது என்றும் ஏற்பாடாயிற்று. முதல் நோக்கத்தின் தடம் இன்றும் அழியவில்லை: எக்செலின் மேம்பட்ட அமைப்புகளைத் திறந்தால், இன்டெலிமவுஸ் எனப் பெயரிடப்பட்ட அந்தச் சுட்டியின் சக்கரத்தைச் சுழற்றும்போது உருட்டாமல் பெரிதாக்கும்படி மாற்றிக்கொள்ள ஒரு கட்டம் இருக்கும், அந்தப் பெயருள்ள சுட்டியைக் கண்ணால் பார்த்திராத தலைமுறையும் அதைக் கடந்துதான் போகிறது.

இன்டெலிமவுஸ் என்ற பெயரில் 1996இல் வெளிவந்த மைக்ரோசாஃப்ட் சுட்டியைச் சக்கரம் கொண்ட முதல் சுட்டி என்று கூறுவோர் பலர், அது சரியன்று. மவுஸ் சிஸ்டம்ஸ் நிறுவனத்தின் புரோஏஜியோவும், ஜீனியஸ் என்ற வணிகப் பெயரில் விற்கப்பட்ட ஈஸிஸ்க்ரோலும் 1995லேயே கடைக்கு வந்துவிட்டன. ஆய்வு உலகில், முப்பரிமாணப் பொருள்களைத் திரையில் முன்னும் பின்னும் தள்ளுவதற்காகச் சுட்டியில் உருளிகள் பொருத்திய வடிவமைப்பை ஆப்பிள் நிறுவனத்தைச் சேர்ந்த டான் வெனோலியா 1993இல் விளக்கியிருந்தார். இவற்றைப் பின்னுக்குத் தள்ளி மைக்ரோசாஃப்ட் பெயர்பெற்றதற்குச் சக்கரத்தின் தரம் காரணமன்று. சக்கரம் சுழலும்போது அந்தச் செய்தியைக் கேட்டுக்கொண்டு ஆவணத்தை நகர்த்தும் மென்பொருள் எதிர்முனையில் இல்லாவிட்டால் அது வெறும் அலங்காரம். ஆஃபிஸ் 97 தொகுப்பையும் இணைய உலாவியையும் தானே எழுதிய நிறுவனத்துக்கு மட்டுமே இரு முனைகளையும் ஒரே சமயத்தில் கட்ட முடிந்தது. விண்டோஸ் 98 வந்தபோது சக்கரத்துக்கான ஆதரவு இயங்குதளத்துக்குள்ளேயே சேர்ந்துவிட்டது. யுனிக்ஸ் வகைக் கணினிகளின் எக்ஸ் விண்டோ அமைப்பிலோ, மேல்நோக்கிய சுழற்சியை நான்காம் பொத்தான் என்றும், கீழ்நோக்கிய சுழற்சியை ஐந்தாம் பொத்தான் என்றும் பாவனை செய்து சமாளித்தார்கள்.

சக்கரத்தின் உள்ளமைப்பை அறியாமல் பிந்தைய மாற்றங்களைப் புரிந்துகொள்ள முடியாது. சக்கரத்தின் அச்சோடு இணைந்த என்கோடர் எனும் சுழற்சி உணரி, ஒன்றையொன்று சற்றே பிந்தித் தொடரும் இரண்டு மின் துடிப்புகளை வெளியிடுகிறது. எது முந்தியது என்பதைக் கொண்டு திசையையும், எத்தனை துடிப்புகள் என்பதைக் கொண்டு அளவையும் சுட்டியின் சில்லு கணிக்கிறது. துடிப்பை உண்டாக்க உலோகத் தொடுமுனைகளைப் பயன்படுத்துவது மலிவான வழி. சக்கரத்தின் துளைகள் ஊடாக அகச்சிவப்பு ஒளியை விட்டு மறுபுறம் வாங்குவது நீடித்த வழி. தொடுமுனைகள் தேய்ந்தோ தூசி படிந்தோ போனால் துடிப்புகளின் வரிசை குழம்பும்; கீழே உருட்டும்போது பக்கம் திடீரென ஓர் அடி மேலே துள்ளுவது அதனால்தான். இவற்றோடு, சக்கரத்தின் பற்களில் ஒரு சிறு கம்பிச்சுருள் விழுந்து எழுவதால், சுழற்றும் விரலுக்கு 'டிக் டிக்' எனச் சீரான தடை உணரப்படுகிறது. அந்த ஒவ்வொரு தடையும் ஒரு படி. பெரும்பாலான சக்கரங்களில் ஒரு படி 15 பாகை, ஆக முழுச் சுற்றுக்கு 24 படிகள். விண்டோஸின் இயல்பான அமைப்பில் ஒரு படிக்கு மூன்று வரிகள்.

இந்தப் படியே சக்கரத்தின் அருமை. எவ்வளவு நகர்ந்தோம் என்பதைத் திரையைப் பார்க்காமலே விரல் சொல்லிவிடுகிறது. விரலை எடுத்தால் சக்கரம் நின்ற இடத்தில் நிற்கிறது. அதன் குறையும் அந்தப் படியிலேயே பிறந்தது. முன்சொன்ன 16,384 வரிசைகளைக் கடக்க 5,461 படிகள், ஏறக்குறைய 228 முழுச்சுற்றுகள் வேண்டும். ஆஃபிஸ் 97இல் வரிசைகள் 65,536 ஆயின. எக்செல் 2007இல் 10,48,576 ஆயின. சக்கரத்தைச் செய்வித்த மென்பொருளே அதை வெகு சீக்கிரம் போதாததாக்கிவிட்டது.

இந்தக் குறையை ஆய்வாளர்கள் உடனே கண்டுகொண்டார்கள். ஐபிஎம் நிறுவனத்தின் ஷுமின் ஜாய், பார்ட்டன் ஸ்மித், டெட் செல்கர் ஆகியோர் 1997இல் வெளியிட்ட ஒப்பாய்வில், சக்கரம் பொருத்திய சுட்டி சாதாரணச் சுட்டியைவிடப் பயனர்களின் வேகத்தைக் கூட்டவில்லை என்றும், அழுத்தத்தின் அளவுக்கேற்ப வேகம் மாறும் சிறு குமிழே மேலானது என்றும் கண்டார்கள். அந்தக் குமிழை ஸ்க்ரோல்பாயின்ட் என்ற பெயரில் விற்றதும் ஐபிஎம்தான் என்பதை நினைவில் வைத்தே இம்முடிவைப் படிக்க வேண்டும். ஆனால் 2002இல் மைக்ரோசாஃப்ட்டின் கென் ஹிங்க்லியும் அவருடைய சகாக்களும் செய்த அளவீடு, போட்டி நிறுவனத்தின் கருவிக்கு உரிய மதிப்பைத் தயங்காமல் வழங்கியது. குறுகிய தூரத்துக்குச் சக்கரமும் நெடுந்தூரத்துக்கு ஸ்க்ரோல்பாயின்ட்டும் வெல்கின்றன என்று அவர்கள் காட்டினார்கள். இலக்கு எவ்வளவு தொலைவோ, எவ்வளவு சிறிதோ அவ்வளவுக்கு அதை எட்டும் நேரம் கூடும் என்ற, 1954இல் பால் ஃபிட்ஸ் வகுத்த விதி உருட்டுவதற்கும் பொருந்தும் என்றும் நிறுவினார்கள். விரைந்து சுழற்றும்போது படிக்குரிய வரிகளை மென்பொருளே பெருக்கிக் கொடுத்தால், சக்கரம் தன் நெடுந்தூரக் குறையை ஈடுகட்டிக்கொள்ளும் என்பது அவர்கள் கூறிய வழி. அதன்பின் நடந்த எல்லாமே இந்த இரண்டு தூரங்களையும் ஒரே உறுப்பில் அடக்கும் முயற்சி என்று கொள்ளலாம்.

முதலில் எடுத்த வழி தவறான பக்கம் போயிற்று. 2003இல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த சாய்வுச் சக்கரம் இடமும் வலமும் சாய்ந்து, அகலமான அட்டவணைகளைப் பக்கவாட்டில் நகர்த்தியது. அது நல்ல சேர்க்கை. ஆனால் அதே சக்கரத்திலிருந்து படிகளை நீக்கி வழவழப்பாகச் சுழலவிட்டார்கள். படியில்லாத சக்கரம் விரலுக்கு எதையும் சொல்லவில்லை. அதேசமயம் தானாக ஓடிக்கொண்டே இருக்கும் அளவுக்கு எடையோ உந்தமோ அதற்கு இல்லை. படியின் பலனும் போய், பாய்ச்சலின் பலனும் வராமல், இரண்டும் கெட்டான் நிலையில் அது நின்றது. ஆப்பிள் 2005இல் மைட்டி மவுஸின் உச்சியில் வைத்த சிறு உருண்டை எல்லாத் திசையிலும் உருண்டது. விரலின் அழுக்கு உள்ளே சேர்ந்து அது சிக்கிக்கொள்வதும், சுட்டியைக் கவிழ்த்துத் தாளின்மேல் தேய்த்து அதைத் துடைப்பதும் அதன் பயனர்களுக்குப் பழகிப்போனது. 2009இல் வந்த மேஜிக் மவுஸில் உருண்டையே இல்லை. மேற்பரப்பு முழுதும் தொடு பரப்பாயிற்று.

திருப்பம் சுவிட்சர்லாந்தில் 1981இல் தொடங்கப்பட்ட லாஜிடெக் நிறுவனத்திடமிருந்து வந்தது. 2006இல் வெளியான அதன் எம்எக்ஸ் ரெவல்யூஷன் சுட்டியில், கனமான உலோகச் சக்கரம் இரண்டு நிலைகளில் இயங்கியது: பற்கள் பிடித்திருக்கும் நிலையில் படிப்படியாகவும், பிடி விட்ட நிலையில் ஒரு சுண்டலுக்குப் பல விநாடிகள் தானே சுழன்றும் அது ஓடியது. ஓடும் சக்கரத்தை நிறுத்த, விரலை அதன்மேல் வைத்தால் போதும். உள்ளிருந்த சிறு மோட்டார் நிலையை மாற்றியது. திறந்திருக்கும் மென்பொருள் எது, விரல் எவ்வளவு வேகமாகச் சுண்டியது என்பவற்றைக் கொண்டு தானாகவும் மாற்றியது. ஹிங்க்லி குழு மென்பொருளில் வேண்டிய முடுக்கத்தை இங்கே சக்கரத்தின் நிறையே தந்தது என்பதில்தான் இதன் அழகு இருக்கிறது. கணக்குப் போட்டுப் பெருக்கிய வேகத்தை விரல் முன்கூட்டி உணர முடியாது. உருளும் உலோகத்தின் வேகத்தை எவரும் சொல்லாமலே உணர்ந்துகொள்ளும். அதே நிறுவனம் 2019இல் வெளியிட்ட எம்எக்ஸ் மாஸ்டர் 3இல் மோட்டாரும் பல்லும் போய், எஃகுச் சக்கரத்தை மின்காந்தத்தின் இழுவிசை பிடித்தது. படி என்பது உரசும் பொருளாக இல்லாமல் காந்தப் புலத்தின் ஏற்ற இறக்கமாக மாறியதால், ஓசை ஏறக்குறைய மறைந்தது. தடையின் கடுமையையும் மென்பொருள் வழியே கூட்டிக் குறைக்கலாம். விநாடிக்கு 1,000 வரிகள் என்பது நிறுவனம் கூறும் வேகம். அதை நம்பினாலும், இன்றைய எக்செல் அட்டவணையின் கடைசி வரிசையைச் சேரப் பதினேழு நிமிடங்களுக்கு மேல் பிடிக்கும். ரேசர் நிறுவனமும் 2021இல் பாசிலிஸ்க் வி3 வழியாகத் தானே நிலை மாறும் சக்கரத்தை விளையாட்டாளர்களிடம் கொண்டுசென்றது.

இத்தகைய சக்கரத்தைத் தேர்ந்தெடுப்பவர் விளம்பரத்தின் வேகக் கணக்கைவிடத் தன் ஆவணங்களின் நீளத்தைப் பார்ப்பதே பொருத்தம். சட்டத் தொகுப்புகள், நிரல் கோப்புகள், பல்லாயிரம் வரிசை கொண்ட கணக்குகள் ஆகியவற்றோடு உழைப்பவருக்குத் தங்குதடையின்றிச் சுழலும் சக்கரம் உண்மையான ஆதாயம். இரண்டு பக்கக் கடிதங்களை எழுதுபவருக்கு அது வீண் செலவு. மென்பொருள் ஒத்துழைக்கிறதா என்ற 1996ஆம் ஆண்டின் கேள்வியும் இன்னும் உயிரோடு இருக்கிறது. விண்டோஸ் ஒரு படியை 1 என்று குறிக்காமல் 120 என்று குறிப்பதே, படியைவிடச் சிறிய அசைவுகளைத் தெரிவிக்கும் சக்கரங்கள் பின்னாளில் வரக்கூடும் என்று இடம்விட்டு வைத்ததால்தான். லினக்ஸ் இயங்குதளத்தின் கருவில் அத்தகைய நுண்ணிய உருட்டலுக்கான வசதி 2019இல் வந்த 5.0 பதிப்பில்தான் சேர்ந்தது. விளையாட்டாளர்களின் தேவை வேறு: ஒரு படிக்கு ஓர் ஆயுதம் என்று மாற்றுபவருக்குப் படியின் தெளிவே உயிர்நாடி என்பதால், லாஜிடெக்கின் ஜி502 போன்ற சுட்டிகளில் நிலையை மாற்றும் அதிகாரம் பயனரின் பொத்தானிடமே விடப்பட்டது. சக்கரத்தை நடுப்பொத்தானாக அடிக்கடி அழுத்துபவர்கள், அதாவது இணைப்புகளைப் புதிய தாவலில் திறப்பவர்களும், முப்பரிமாண வரைபடங்களைத் திருப்புபவர்களும், கடையிலேயே அழுத்திப் பார்த்து வாங்குவது நல்லது. சாய்வுச் சக்கரம் அழுத்தும்போது பக்கவாட்டில் சரிகிறது, பிடி விட்ட சக்கரம் விரலுக்கடியில் உருண்டுவிடுகிறது. அவர்களுக்கு 1996இன் எளிய படிச்சக்கரமே இன்னும் ஏற்றது. தொடுமுனைக்குப் பதில் ஒளி உணரி உள்ளதாகப் பார்த்து வாங்கினால் ஆயுளும் கூடும்.