மலையில் பிறந்த ஒளி

2022 மார்ச் 31 ஆம் நாள் இலங்கையில் 13 மணிநேர மின்வெட்டு. சமையல் வாயுச் சிலிண்டருக்காக மக்கள் விடியுமுன்னரே வரிசையில் நின்றனர். டொலர் இல்லை, ஆதலால் எரிபொருள் இல்லை என்றனர். உண்மையே. ஆயின் நம் வீட்டு விளக்கு எவ்வாறு டொலரை நம்பி எரியலாயிற்று என்பதை வரலாற்றிடமே கேட்டறிதல் வேண்டும்.

கொழும்பில் மின்விளக்கு ஒளிர்ந்தது 1895 இல்; அது செல்வர் கூடும் விடுதியின் ஒளி. 1918 இல் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர, மலைநாட்டின் கெஹெல்கமு ஓயா, மஸ்கெலி ஓயா ஆகிய ஆறுகளின் நீர்வீழ்ச்சியிலிருந்தே நாட்டிற்கு வேண்டிய மின்சாரத்தைப் பெறலாமெனப் பொறியியலாளர் சங்கத்தின் முன் கணக்கிட்டுக் காட்டினார். குடியேற்ற ஆட்சிக்கு அதில் அவசரம் இருக்கவில்லை. 1924 இல் தொடங்கிய வேலை இடையிலே நின்றது. தலைநகரோ எரிபொருள் நிலையங்களையே நம்பியிருந்தது. லக்ஸபான மின் நிலையம் இயங்கத் தொடங்கியது 1950 இல்தான். முதுமையெய்தி அதைக் கண்ட விமலசுரேந்திர 1953 இல் மறைந்தார்.

அம்மலைகள் எவருடைய மலைகள்? தேயிலைக் கொழுந்து பறித்த தமிழ்த் தொழிலாளரின் வாழிடம் அவை. லக்ஸபானவில் ஒளி பிறப்பதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்னர், 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியிருந்தது. மின்கம்பிகள் லயங்களின் மேலாகக் கொழும்பை நோக்கிச் சென்றன. கீழே குப்பிலாம்பு புகைந்தது. பல லயங்களுக்கு மின்சாரம் வந்து சேரப் பல பத்தாண்டுகள் பிடித்தன. 1960களில் மவுசாக்கலை அணைக்காகப் பழைய மஸ்கெலியா நகரமே நீரில் மூழ்கிற்று. கடுங்கோடையில் நீர் வற்றும்போது பழைய கோயில் இன்றும் தலைகாட்டுகிறது.

1980களில் மகாவலியின் கொத்மலையும் விக்டோரியாவும் சேர்ந்தன. அக்காலத்தில் நாட்டின் மின்சாரத்திற் பெரும்பங்கு ஆறுகள் தந்ததே. தேவை வளர்ந்தது, 1996 இன் வரட்சி ஆறுகளை மட்டும் நம்பியிருத்தலின் ஆபத்தை உணர்த்திற்று. அதன்பின் எண்ணெய் நிலையங்கள் பெருகின. 2011 க்கும் 2014 க்கும் இடையில் நுரைச்சோலையில் 900 மெகாவாட் நிலக்கரி நிலையம் எழுந்தது. நிலக்கரியும் கப்பலில் வருகிறது. அடுப்பை எரிக்கும் வாயுவும் கப்பலிலேயே வருகிறது. கப்பலுக்குக் கொடுக்கப் பணமில்லாதபோது நாடு இருண்டது.

அவ்விருளில் நகரத்தார் சில மாதங்கள் துன்புற்றனர். மலையக மக்களோ அதனைத் தலைமுறைகளாக அறிந்தவர்கள். மின்சாரம் எங்கிருந்து வருகிறது என மாணவருக்குக் கற்பிக்கும் நாம், அது யாரைக் கடந்து வருகிறது என்பதையும் சேர்த்தே கற்பிப்போமாக.